புக்கெட் வில்லாவும் முப்பது வருடக் குத்தகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாய்லாந்தின் புக்கெட்டிலும் பட்டாயாவிலும் கடலோர வீடு விற்கிறோம் என்று புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் விளம்பரங்கள் வருகின்றன. ஓட்டல் அரங்கில் கூட்டம், வழவழப்பான கையேடு, இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சென்ட் என்ன விலை போகிறது என்று தெரிந்தவர்களுக்கு, அறுபது லட்சத்தில் கடல் தெரியும் வீடு என்றால் மனம் இளகத்தான் செய்யும். கையேட்டில் இல்லாத சிலவற்றைச் சொல்லவே இக்கடிதம்.

வாங்கப்போவது சொந்தமா குத்தகையா என்பதை முதலில் கேளுங்கள். சாதாரணமாக ஒரு வெளிநாட்டவர் தாய்லாந்தில் தன் பெயரில் மனை வாங்க முடியாது. அடுக்குமாடியில் ஒரு குடியிருப்பை, அவர்கள் சொல்லும் 'காண்டோ'வை, முழு உரிமையோடு வாங்கலாம். அதற்கும் வரம்பு உண்டு: ஒரு கட்டடத்தின் குடியிருப்புகளுடைய மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் பதிவாகும். அது நிரம்பிய கட்டடத்தில் உங்கள் கைக்கு வருவது குத்தகைப் பத்திரம்தான்.

வில்லா என்றால் கட்டடத்தை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளலாம், அடியில் இருக்கும் மண் குத்தகை. அந்நாட்டுச் சட்டப்படி வீட்டுமனைக் குத்தகை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 30 வருடம். கையேட்டில் '30+30+30' என்று போட்டு 90 வருடக் கணக்குக் காட்டுவார்கள். நிலப் பதிவு அலுவலகத்தில் ஏறுவது முதல் முப்பது மட்டுமே. மற்ற இரண்டும் மண்ணின் சொந்தக்காரர் தரும் வாக்குறுதி. அவர் மனையை விற்றுவிட்டாலோ இறந்துவிட்டாலோ அடுத்து வருபவர் அதை மதிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யாமல் விட்டால், மூன்று வருடத்துக்கு மட்டுமே அது செல்லும். குத்தகை எடுத்தவர் இறந்தால் குத்தகையும் அத்தோடு முடியும். வாரிசுக்குத் தொடரும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். அறுபது வயதில் வாங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டிய வரி இதுதான். கையேட்டின் எந்தப் பக்கத்திலும் அது இருக்காது.

இதற்கு மாற்றாக, உள்ளூர்க்காரர் பெயரில் 51 சதவீதப் பங்கு போட்டு ஒரு கம்பெனி தொடங்கி மனை வாங்கலாம் என்பார்கள். நமக்குப் பழகிய சொல்லில் அது பினாமி. அங்கும் அது குற்றம்தான்.

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் என்று நாம் அலசிப் பார்ப்பதெல்லாம் அங்கும் உண்டு. முழு உரிமையுள்ள நிலப் பத்திரம் சனோட் எனப்படும். அதன் தலையில் சிவப்புக் கருட முத்திரை இருக்கும். பச்சைக் கருடன் இருந்தால் அது ஒரு படி கீழான ஆவணம், எல்லை அளவு அத்தனை துல்லியமாக இராது. பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். அடமானம், குத்தகை, கைமாற்றம் எல்லாம் பின்பக்கத்தில் தேதிவாரியாக ஏறியிருக்கும், ஏறக்குறைய நம் வில்லங்கச் சான்று மாதிரி. வருடம் 2568 என்று இருந்தால் மிரள வேண்டாம். புத்த ஆண்டிலிருந்து 543ஐக் கழித்தால் 2025. ஒரு 'ராய்' 1,600 சதுர மீட்டர், ஏறத்தாழ முப்பத்தொன்பதரை சென்ட். விவசாயிகளுக்கு அரசு ஒதுக்கிய சீர்திருத்த நிலத்துக்கும் ஒரு காகிதம் உண்டு. அந்த நிலத்தை விற்கவே முடியாது, ஆனாலும் கைமாற்றி ஏமாற்றுவது நடக்கிறது. நம் ஊர்ப் புறம்போக்குக் கதைதான்.

அடுத்து, பணம் போகும் வழி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காண்டோ வாங்கும் பணம் வெளிநாட்டுச் செலாவணியாகவே தாய்லாந்து வங்கிக்குப் போய், அங்கே தாய்லாந்து நாணயமான 'பாட்' ஆக மாற வேண்டும். அனுப்புகிறவர் பெயரும் வாங்குகிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், 'காண்டோ வாங்க' என்ற நோக்கமும் குறிப்பில் இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் அந்த வங்கி அந்நியச் செலாவணிச் சான்று தரும். சிறிய தொகைக்கு வரவுக் கடிதம் தரும். அது இல்லாமல் வெளிநாட்டவர் பெயரில் பதிவு நடக்காது. நம் வங்கியே வசதிக்காகப் பாட்டாக மாற்றி அனுப்பிவிட்டாலும், கணவர் கணக்கிலிருந்து போய் மனைவி பெயரில் பத்திரம் எழுதினாலும், பதிவு நாளன்று சிக்கல்தான். அதே நாளில் கட்டட நிர்வாகத்திடமிருந்து இரண்டு கடிதங்களும் வேண்டும்: வெளிநாட்டவர் பங்கு 49 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று ஒன்று, பராமரிப்புப் பாக்கி இல்லை என்று ஒன்று. மாற்றுக் கட்டணம் மதிப்பில் 2 சதவீதம். விற்பவர் ஐந்து வருடத்துக்குள் விற்றால் 3.3 சதவீத வணிக வரியும் சேரும். எதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், கடைசி நேரத்தில் உங்கள் தலையில்தான் விழும்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப எல்.ஆர்.எஸ்., அதாவது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் திட்டம்தான் வழி. ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்லாச் செலவும் சேர்த்து 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகையில் வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிக்கும். 60 லட்சம் அனுப்பினால் மிஞ்சிய 50 லட்சத்துக்கு 10 லட்சம். அதாவது கையில் 70 லட்சம் இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் அவரவர் கணக்கிலிருந்து 30 லட்சம் அனுப்பினால் தலைக்கு 4 லட்சம், மொத்தம் 8 லட்சத்தில் முடியும். பத்திரத்தில் இருவர் பெயரும் வர வேண்டும். பாதியை மார்ச்சிலும் பாதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இன்னும் குறையும். பிடித்த பணம் வருமான வரிக் கணக்கில் வரவாகும், சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் சொல்லி மாதப் பிடித்தத்திலேயே கழிக்கலாம். மற்றவர்களுக்கு அது மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும்.

கட்டி முடிக்காத கட்டடத்தைத் தவணையில் வாங்குகிறவர்கள் ஒப்பந்தத்தை நம் வங்கியில் காட்டி, இப்படி அனுப்பலாமா என்று எழுத்தில் பதில் வாங்கிவிட்டு முதல் தவணை அனுப்புங்கள். நீண்ட காலத் தவணை கடன் போலத் தோன்றினால் அமலாக்கத் துறைக் கேள்விகள் வரும். பேரம் முறிந்து முன்பணம் திரும்பினால் 180 நாளுக்குள் அதை வேறு முதலீட்டில் போட வேண்டும், இல்லை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து வருடம் வரையிலான குத்தகைக்கு நம் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் வெளிநாட்டு அசையாச் சொத்து விதி பொருந்தாது. முப்பது வருடக் குத்தகைக்கு அந்த விலக்கு இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களின்) குடும்பங்களின் சொத்துக்கும் இந்த அந்நியச் செலாவணி விதி பொருந்தாது; ஆனால் இங்கே குடியிருந்தால் இங்கே வரி கட்டும் கடமை அவர்களுக்கும் உண்டு.

'மூன்று வருடம் 7 சதவீத வாடகை உத்தரவாதம்' என்பதையும் பார்ப்போம். 60 லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 12 லட்சத்து 60 ஆயிரம் வரும். அதே கட்டடத்தில் மறுவிற்பனைக்கு வந்த, உத்தரவாதம் இல்லாத குடியிருப்பு 48 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். கூடுதலாகக் கொடுத்த உங்கள் 12 லட்சமே வாடகை என்ற பெயரில் திரும்புகிறது. அதற்கும் வரி கட்டுவீர்கள். அதனால் கூட்டத்துக்குப் போகும் முன் மறுவிற்பனை விலையை இணையத்தில் பாருங்கள். உத்தரவாதத்தில் கையெழுத்திடுவது கட்டுமான நிறுவனமா, நேற்றுத் தொடங்கிய வேறொரு சிறு நிறுவனமா என்றும் பாருங்கள்.

சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்பதும் அத்தனை எளிதல்ல. 30 நாளுக்குக் குறைவாக விட்டால் 2004ஆம் ஆண்டின் ஓட்டல் சட்டம் குறுக்கே வரும். சாதாரணக் காண்டோவுக்கு ஓட்டல் உரிமம் கிடைப்பது அரிது. அபராதம் 20,000 பாட் வரை, தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 வரை. பருவமும் உண்டு. புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை, அறைகள் காலியாகும். சாமுய் தீவுக்கு நம்மைப் போல ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. உப்புக்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி எத்தனை வருடம் தாங்கும் என்று தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் இல்லாத மாதத்திலும் சதுர மீட்டர் கணக்கில் பராமரிப்புக் கட்டணம் உண்டு.

இங்கே குடியிருப்பவர் அங்கே வரும் வாடகையை இந்தியக் கணக்கிலும் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரிக்குச் சான்று வைத்திருந்தால் இங்கே கழிவு கிடைக்கும். வாடகையே வராவிட்டாலும் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒவ்வொரு வருடமும் சொத்தைக் குறிப்பிட வேண்டும். அந்த அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. விட்டுவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் வருடத்துக்கு 10 லட்சம் அபராதம் விதிக்க இடமுண்டு. சிறிய முதலீடுகளுக்குத் தந்த 20 லட்ச விலக்கு அசையாச் சொத்துக்குக் கிடையாது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது 'சொந்தம்' அல்லது 'குத்தகை, இத்தனை வருடம்' என்று விலைக்குப் பக்கத்திலேயே, விலை அச்சாகும் அதே எழுத்தளவில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரி ஆலோசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.