வைத்தியசாலைக்கும் ஒரு நூலகர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் திருகோணமலை மாவட்டத்தில் 20 வருடங்களுக்கு மேலாகத் தாதியாகக் கடமை செய்கிறேன். எங்கள் நோயாளர் விடுதி அலுமாரியில் ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது. முதுகு பிய்ந்துபோய், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரையே அதற்கும் ஒட்டியிருக்கிறோம். இரவுக் கடமையில் சந்தேகம் வந்தால் அதைத்தான் புரட்டுகிறோம்.

மருந்தேற்ற நரம்பில் குத்தி வைக்கும் சிறு குழாயான கனுலாவையே பாருங்கள். மூன்று நாளானால், நோவில்லாவிட்டாலும் கழற்றி வேறிடத்தில் குத்த வேண்டும் என்றுதான் படித்தேன். ஒரு வயதான அம்மாவுக்கு நரம்பு பிடிபடாமல் மூன்று தடவை குத்தினேன். "பிள்ளை, அது நல்லாத்தானே ஓடினது" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. இப்படி நாள் கணக்கில் மாற்றுவதால் இரத்தத்தில் கிருமித்தொற்று குறைவதாகத் தெளிவான சான்று இல்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வு 2010இலேயே சொல்லிவிட்டது. அடிக்கடி இடத்தைப் பார்த்து, நோவோ வீக்கமோ வந்தால் கழற்றலாம். இது என் கண்ணில் பட்டது பல வருடம் கழித்து, ஒரு பயிற்சி வகுப்பில். விடுதி நடைமுறையை நான் தனியாக மாற்ற முடியாது, சரி. ஆனால் பெரியவர்களிடம் கேட்பதற்காவது சான்று கையில் வேண்டாமா?

வளங்கள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் பதிப்பகங்களும் சேர்ந்து 2002இல் தொடங்கிய, வருமானம் குறைந்த நாடுகளுக்கு மருத்துவ ஆய்விதழ்களை இணையத்தில் தரும் ஹினாரி திட்டம் இருக்கிறது. பப்மெட் என்ற இணையத் தேடுதளத்தில் மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களை யாரும் இலவசமாக வாசிக்கலாம். கொக்ரேன் சுருக்கங்கள் சில தமிழிலேயே கிடைக்கின்றன. ஆனால் ஹினாரிக்குள் போக, பதிவு செய்த நிறுவனத்தின் கடவுச்சொல் வேண்டும். பப்மெட்டில் ஒரு சொல்லைப் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். நோயாளி மணியடிக்கும்போது எதை வாசிப்பது? எந்த நோயாளி, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்று கேள்வியைப் பிரித்துத் தேடித் தருவது நூலகரின் தொழில். அதற்கென்று படித்தவர்கள் அவர்கள்.

நகரில் அப்படி ஒரு மருத்துவ நூலகர் இருந்தால் போதும், புல்மோட்டை, மூதூர், ஈச்சிலம்பற்று வைத்தியசாலைகளில் இருப்பவர்களும் தொலைபேசியில் கேட்கலாம். மாகாண சுகாதாரத் திணைக்களம் இந்தப் பதவியை உருவாக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். அதுவரைக்கும் ஒவ்வொரு விடுதியிலும் இணையத்தோடு ஒரு கணினியாவது வையுங்கள். இரவில் விடுதியை விட்டு எங்களால் எங்கும் போக முடியாது.

தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.