கொடுவாவுக்கு வீடு தேடும் மச்சானுக்கு

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி மீன், மிச்சம் மூட்டு நோ. ரெண்டையும் சேர்த்து வாசித்தால்தான் உன் கேள்விக்குப் பதில் வரும். வேலையை விட்டபிறகு பாஸ் மீன் பிடிப்பதற்காகவே ஒரு ஊர் பார்த்து இருந்துவிட வேண்டும், புளோரிடாவா, ரெக்சஸா, இல்லை ஊருக்கே வந்துவிடட்டா என்று கேட்டிருக்கிறாய். என் எண்ணம் வேறு. ஓரிடத்தில் குடியேறாதே. ஆண்டை ரெண்டாகப் பிரி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கக் கனவு. ஓய்வுபெற்றவர்களுக்கென்று அமெரிக்காவில் ஒரு விசாவும் இல்லை. உன்னைப்போலக் கனடாக்காரன் ஆறு மாதம் குளிர்காயப் போய்வரலாம், அவ்வளவுதான். புளோரிடாவின் ஒக்கிசோபி ஏரி பெரியதுதான், 730 சதுர மைல். ஆனால் சராசரி ஆழம் ஒன்பது அடி. காற்று கொஞ்சம் எழும்பினால் அடிச்சேறு கலங்கி, குறுகிய அலை படகை உதறும். உன் முழங்கால் கதையைக் கேட்டபிறகு இதைத்தான் முதலில் யோசித்தேன். ரெக்சஸில் லேக் ஃபோர்க் நீர்த்தேக்கம் 27,000 ஏக்கர், தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நின்றபடி நிற்கும். பாஸுக்குச் சொர்க்கம். அங்கே 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீனைக் கட்டாயம் திருப்பி விடவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டால்தான் அங்கே பெரிய மீன் நிலைக்கிறது. ஆனால் ரெண்டு இடத்திலும் படகு, இழுவை வண்டி, அதை இழுக்க ஒரு ட்ரக், எல்லாவற்றுக்கும் காப்புறுதி. எழுபது வயதில் தனியாகப் படகை இறக்கி ஏற்றுகிறவனைப் பார்த்திருப்பாய்தானே. எத்தனை வருடத்துக்கு அது ஓடும்?

நீ இருக்கிற ஒன்ராறியோ பாஸுக்கு மோசமில்லை. சிம்கோ ஏரியின் சின்னவாய்ப் பாஸுக்காக வெளியூர்க்காரர் காசு கொடுத்து வருகிறார்கள். 65 தாண்டினால் அங்கே மீன்பிடி லைசன்ஸ் வாங்கவும் தேவையில்லை, அரசாங்க அடையாள அட்டையே போதும். பருவம் ஜூன் இரண்டாம் பாதியில் திறக்கும். பனி விழும்வரை பிடிக்கலாம். கவலை எல்லாம் மிச்ச மாதங்களுக்குத்தான். அந்த மாதங்களுக்குத் திருகோணமலையைப் பார்.

உன் பெரியவாய்ப் பாஸ் இங்கே இல்லை. இருப்பது கொடுவா. வெளிநாட்டில் லூர் (போலி இரை) விற்கிற கடைகள் பாரமுண்டி என்று சொல்வதும் இதே மீன்தான். பதிவான உலகச் சாதனை 44.64 கிலோ, 2010 இல் அவுஸ்திரேலியாவின் மொண்டுரான் நீர்த்தேக்கத்தில் பிடிபட்டது. நம் களப்புகளில் அந்தக் கணக்கை எதிர்பார்க்காதே. மூன்று கிலோ மீன் ஒன்றே உன் பாஸ் ரொட்டுக்கு, அதுதான் தூண்டில் தடிக்கு, பாடம் சொல்லும்.

ரெண்டும் ஒரே குணம்: மறைவில் படுத்திருந்து, வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். ஆனால் உன் பாஸ் தண்ணீரின் சூட்டைப் பார்த்து நடக்கும். 15 பாகை செல்சியஸைத் தாண்டினால் கூடு தோண்டும், ஆண் காவல் இருக்கும். இங்கே தெர்மோமீற்றருக்கு வேலையில்லை, வருடம் முழுக்கச் சூடுதான். கொடுவா பார்ப்பது உப்பையும் வற்றுப்பெருக்கையும். முட்டையிட உப்புத் தண்ணீருள்ள முகத்துவாரத்துக்கு வரும், குஞ்சுகள் கண்டல் காட்டுக்குள்ளும் சதுப்புக்குள்ளும் ஏறி வளரும். இன்னொன்று: பெரும்பாலானவை ஆணாகத் தொடங்கி, வளர்ந்து பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய மீனைக் கறிக்குக் கொண்டுபோகிறவன் பெரும்பாலும் முட்டை வைக்கிற தாயைத்தான் கொண்டுபோகிறான். இரண்டு கிலோ மீனின் தசை அதைவிட ருசி. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பில்லை.

மாதக் கணக்கு இப்படி. ஒக்டோபரில் மாரி தொடங்கி ஜனவரிவரை அடிக்கும். மகாவலி கொட்டியாரக் குடாவுக்குள் செம்மண் வெள்ளத்தைக் கொட்டும். முதல் மழை விழுந்து, வெள்ளம் களப்பால் கடலுக்குப் பாயும் நாட்கள் அருமையானவை. கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டைக் கரையிலிருந்தே பார்க்கலாம்: இந்தப் பக்கம் தேத்தண்ணி நிறம், அந்தப் பக்கம் பச்சை, நடுவில் நுரையும் குப்பையும் ஒரு கயிறு மாதிரி. அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில் லூரைப் போடு. ஒரு கிழமை விடாமல் மழை பெய்தால் எல்லாம் நன்னீராகி, சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் மிதந்து வந்து தங்கூசியில் (நைலோன் நூலில்) சுற்றும். பிறகு ரொட்டைத் தொடவே வேண்டாம். பெப்ரவரியில் தண்ணீர் தெளிந்து உப்பு திரும்ப ஏறும், முகத்துவாரங்களும் திறந்தபடி இருக்கும். பெப்ரவரி, மார்ச், ஏப்ரல்தான் உனக்கான மாதங்கள். மே முடிவில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பி முகத்தைப் பொசுக்கும். விடியற்காலையில் மட்டும் மினைக்கெட்டால் ஜூன்வரை ஓட்டலாம். அதற்குள் உன் ஏரி திறந்துவிடும்.

இனி இடம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலைப் பார்த்த வீடு வேண்டும் என்று உன் மனுசி சொல்லுவா. வெண்மணல், வெளிநாட்டுக்காரர், நல்ல சாப்பாடு, எல்லாம் சரி. கொடுவாக்காரனுக்குத் தேவை வீட்டின் மற்றப் பக்கம்: களப்பு, பாலம், கண்டல். இறக்கக்கண்டிப் பாலத்தடி, சாம்பல்தீவுப் பக்கம், கிண்ணியா, உப்பாறு, தம்பலகாமக் குடாவின் ஓரங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது, 396 மீற்றர். அதன் தூண்களின் நிழல் விழுகிற கோடு, இரவில் விளக்கு வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோடு, ரெண்டிலும் இருட்டுப் பக்கத்தில்தான் மீன் காத்துக்கொண்டு நிற்கும். டோர்ச் அடித்தால் கண் சிவப்பாக மின்னும். ஆனால் அடித்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் பிடிக்கலாம் என்று நினைக்காதே. ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், தண்ணீருக்குள்ளே ஆரோ கைதட்டினது மாதிரி. அது கொடுவா இறால் உறிஞ்சுகிற சத்தம். அந்தத் திசைக்கு எறி.

இங்கே வற்றுப்பெருக்கு அரை மீற்றரளவுதான். அதனாலேயே ஓட்டம் தெரிகிற மணித்தியாலங்கள் குறைவு. அமாவாசை, பூரணையை அடுத்த நாட்களைப் பார். சின்ன வாய்க்கால் ஒன்று களப்புக்குள் விழுகிற இடத்தில், வற்றுகிற கடைசி ரெண்டு மணித்தியாலம் நில். தண்ணீர் வடிய வடிய இறாலும் மணலை மீன் குஞ்சும் வேறு வழியின்றி அந்த வாயால்தான் வெளியே வரும். ஓட்டம் நின்றவுடன் வீட்டுக்கு வா. அசையாத தண்ணீரில் நாலு மணித்தியாலம் எறிந்து தோளைக் கெடுத்துக்கொள்ளாதே.

துறைமுக உட்பகுதியில் கடற்படை இருக்கிறது. அந்தப் பக்கம் ரொட்டோடு போகாதே. புறாமலைத் தீவு 2003 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கேயும் இல்லை. களப்பில் பொழுதுபட வலை போடுகிறவர்களுக்கு அது பிழைப்பு. மிதப்பைக் கண்டால் அதற்கு மேலால் எறியாதே. முதலில் கதை, பீடி கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, எங்கே வலை கிடக்கிறது என்று கேள். மீன் எங்கே நிற்கிறது என்பதும் அந்தக் கதையிலேயே வெளிவரும்.

சாமானுக்கு வருவோம். ஏழடி ரொட், 4000 அளவு ரீல், 30 இறாத்தல் பின்னல் நூல். நுனியில் மூன்றடிக்கு 50 இறாத்தல் தங்கூசி கட்டு. பாஸுக்குப் போடுகிற மெல்லிய நூலை இங்கே போட்டால் ரெண்டு இடத்தில் அறுந்துபோகும். ஒன்று, கொடுவாவின் வாய் அரத்தாள் மாதிரி, சண்டை நீண்டால் தங்கூசியைத் தேய்த்துவிடும். மற்றது செவுள் மூடி, அதன் ஓரம் சவர அலகுக்குச் சமம். மீன் துள்ளித் தலையை உதறும்போது நூல் அதில் பட்டால் முடிந்தது கதை. துள்ள எழும்புவது நூலில் தெரியும், நூல் மேல்நோக்கி வரும். உடனே ரொட் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் பதித்துப் பக்கவாட்டில் இழு. கரைக்கு வந்தபிறகும் செவுளுக்குள் விரல் விடாதே. கீழ்த்தாடையில் பிடிகொறடு போட்டு, மற்றக் கையால் வயிற்றைத் தாங்கு. பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டால் கழுத்தெலும்பு பிசகும், திருப்பி விட்டாலும் பிழைக்காது.

உன் பெட்டியிலிருக்கிற லூர்கள் பாதி இங்கேயும் வேலை செய்யும். நாலங்குலச் சப்பை மீன் வடிவம், மூன்று நாலு அடிக்கு மேல் மூழ்காதது, வெள்ளியும் பொன்னும். மும்முனை முள்ளை மட்டும் எல்லாவற்றிலும் மாற்று. நன்னீருக்கென்று வருகிற மெல்லிய கம்பி முள் கொடுவாவின் முதல் ஓட்டத்திலேயே நிமிர்ந்துவிடும். கடலுக்குரிய தடித்த முள்ளும், அதற்கேற்ற வலுவான வளையமும் போடு. முள் கனத்தால் லூரின் ஆட்டம் மாறும், மிதப்பது மூழ்கத் தொடங்கும். ஒரு வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவா. றப்பர் மீன்களை அதிகம் கொண்டுவராதே, பேத்தை மீன் வாலைக் கத்தரித்துப் போட்டுவிடும். கடி தெரியாமல் வால் மட்டும் காணாமல் போனால் அது பேத்தை. கடின லூருக்கு மாறு.

உயிர் இரைதான் நிச்சயம். வீச்சுவலையில் விரல் நீள மணலைக் குஞ்சு பிடித்து, நுனி உள்நோக்கி வளைந்த 5/0 அளவு முள்ளில் மேலுதட்டால் குத்து. இறாலென்றால் தலையில் தெரிகிற கறுப்புப் புள்ளியைத் தொடாமல், கொம்புக்குக் கீழால் குத்து. அந்தப் புள்ளியில் முள் பட்டால் இறால் உடனே செத்துவிடும். மீன் எடுத்தவுடன் பாஸுக்கு அடிப்பதுபோல ரொட்டை இழுத்து அடிக்காதே. வளைந்த முள் வெறும் வாயால் வழுக்கி வந்துவிடும். நூல் இறுகும்வரை சுற்று, முள் தானாகக் கடைவாயில் ஏறும். இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் உனக்கு நாளெடுக்கும்.

உப்பு ரீலைத் தின்னும். வீட்டுக்கு வந்தவுடன் பிரேக் திருகாணியை இறுக்கிவிட்டு, பூவாளித் தண்ணீர் மாதிரி மெதுவாக ஊற்றிக் கழுவு. குழாயை அழுத்திப் பீச்சினால் உப்பு உள்ளே போய் பெயரிங்கில் உட்காரும். காய்ந்தபிறகு திருகாணியைத் தளர்த்தி வை. தண்ணீருக்குள் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நட, திருக்கை விலகிப்போகும். கண்டல் வேரில் சிப்பி ஒட்டியிருக்கும், தடித்த அடிச் சப்பாத்துப் போடு. வெருகல் பக்கமும் மகாவலியின் கீழ்ப்பகுதியிலும் முதலை உண்டு. அங்கே தண்ணீருக்குள் இறங்கவே கூடாது.

களப்பு கெட்டுப்போகிற நாட்களுக்குக் கந்தளாய்க் குளம் இருக்கிறது. அங்கே விரால். நீ பாஸுக்குப் புல்லுக்கு மேலால் இழுக்கிற றப்பர்த் தவளை, 50 இறாத்தல் பின்னல் நூல், அதே எறி. விராலின் வாய் எலும்பு, அதனால் முள்ளை நல்லாக அடித்து ஏற்ற வேண்டும். பிறகு தலையை மேலே வைத்தபடி இழு, புல்லுக்குள் குனிந்தால் கழன்றுவிடும். தண்ணீர் மேலே சிவப்புக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும், அதைத் தொடாதே. பொழுதுபட முன்னம் றோட்டுக்கு வா, அந்தப் பக்கம் யானை.

காணி விசயம் சுருக்கமாக. 2014 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமையாளர் காணியை உறுதியோடு வாங்க முடியாது, குத்தகை மட்டும், அதிகபட்சம் 99 வருடம். இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை இல்லை, விசா அலைச்சலும் இல்லை. 55 வயது கடந்தவர் அந்தத் தகுதியிலேயே விண்ணப்பிக்கலாம். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், தரகர் அதைச் சொல்லமாட்டார். ஆனால் முதல் ரெண்டு வருடத்துக்கு ஒன்றும் வாங்காதே. வாடகைக்கு எடு. அதில் ஒருமுறையாவது நவம்பரில் வந்து, மழைக்குள் அந்த வீட்டுக்குப் போகிற ஒழுங்கையைப் பார். கோடையில் பார்த்து வாங்குகிறவன் வெள்ளம் நிற்கிற காணியைத்தான் வாங்குவான்.

அங்கேயுள்ள கணக்கும் பார்த்துக்கொள். ஒன்ராறியோ வைத்தியக் காப்புறுதி நிலைக்க, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்கவேண்டும். பெப்ரவரி முதல் ஜூன் நடுப்பகுதிவரை இங்கே நின்றாலும் உனக்குத் தாராளமாக நாள் மிஞ்சும். 18 வயதுக்குப் பிறகு இருபது வருடம் கனடாவில் இருந்திருந்தால் முதியோர் பென்சன் வெளிநாட்டிலும் வரும். வருமானம் குறைந்தோருக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்குமேல் வெளியே நின்றால் நின்றுவிடும். ஒரேயடியாக இங்கே வந்துவிடாதே என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றது வைத்தியம். இங்கே பொது வைத்தியசாலை இருக்கிறது, ஆனால் பெரிய காரியமென்றால் கொழும்பு கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். முழங்கால் சத்திரசிகிச்சை செய்யத்தான் வேண்டுமென்றால் கனடாவிலேயே முடித்துவிட்டு வா.

அடுத்த பெப்ரவரிக்கு ரிக்கெற் பார்க்கிறாயா? திகதியைச் சொன்னால், அமாவாசைக் கணக்கைப் பார்த்துக் கிண்ணியாப் பக்கமோ இறக்கக்கண்டிப் பக்கமோ மூன்று மாத வாடகைக்கு மேல்மாடியில்லாத வீடாகப் பார்க்கிறேன். ரொட்டை ரெண்டு துண்டாகக் கழற்றுவதாகவே வாங்கு, விமானத்தில் நீளச் சாமானுக்குத் தனிக் காசு கேட்பார்கள். தடித்த மும்முனை முள் ஐம்பது கொண்டுவா, அதில் பாதி எனக்கு.

அன்புடன்,
மச்சான்