முன்னாள் மாணவர் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் விளையாட்டு, ஆண்டு விழாப் பரிசு, தண்ணீர்த் தொட்டி பழுதுபார்ப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன, நீங்களே பார்த்தீர்கள். இந்த ஆண்டு நம் நேரத்தையும் பேச்சையும் அதிகம் எடுத்துக்கொண்டது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான என்.எம்.எம்.எஸ். பயிற்சிதான்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும், பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வு இது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. கேள்விக்கு ஒரு நிமிடம்தான்.

நன்றாகப் படிக்கும் ஐந்தாறு பேரை மட்டும் தேற்றினால் போதும் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் (பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு 50) இல்லாதவர்கள் விண்ணப்பிக்கவே முடியாதே, அவர்களை ஏன் சனிக்கிழமை உட்கார வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. தலைமையாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பு முழுவதும் வந்தது. கண்ணாடியில் 3:40 எப்படித் தெரியும் என்ற கணக்குக்காகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்தோம். 8:20. "பதினொண்ணு அறுபதுல இருந்து கழிச்சா போதும் சார்" என்று முதலில் கண்டுபிடித்தவன் விண்ணப்பிக்கத் தகுதி இல்லாத பையன். அதற்குப் பிறகு செயற்குழுவில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாடத்தைவிட, விடைக்கான வட்டத்தைப் பேனாவால் நிரப்பும் ஓ.எம்.ஆர். விடைத்தாள்தான் பிள்ளைகளைப் படுத்தியது. 37-ஆம் கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, 38-க்கான விடையை 37-இன் வட்டத்தில் நிரப்பிவிட்டால் அதற்குக் கீழே எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போகும். பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது. அதனால் நகல் தாள்களை வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு பத்து கேள்விக்கும் நிறுத்தி எண்ணைச் சரிபார்க்கப் பழக்கினோம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னோம்.

அடுத்து வருமானச் சான்று. பெற்றோர் பலர் கூலி வேலையை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கு அலைய வேண்டியிருந்தது. நம் உறுப்பினர்கள் இருவர் இருசக்கர வண்டியில் கூட்டிக்கொண்டுபோய் முடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி. தேர்வுக் கட்டணத்தைச் சங்கமே கட்டியது.

மூன்று பேர் தேர்வாகியிருக்கிறார்கள். கைதட்டலாம், சரி. ஆனால் வேலை இங்கே முடியவில்லை. உதவித்தொகையை இணையத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்க வேண்டும் (பட்டியலினத்தார், பழங்குடியினருக்கு 55). பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் தொகை நின்றுவிடும். பணம் வரப்போகிறதே என்ற தைரியத்தில் இரண்டு வீடுகளில் மெட்ரிக் பள்ளிப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். பக்கத்துத் தெருக்காரர்கள் போய்ப் பேசுங்கள்.

அடுத்த ஆண்டு வகுப்பை ஜூலையிலேயே தொடங்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சான்றுகளுக்கும் அப்போதே அலையத் தொடங்கினால்தான் கடைசி நேர ஓட்டம் குறையும். மனத்திறன் சொல்லித்தர இன்னும் இருவர் தேவை. சனிக்கிழமை வர முடிந்தவர்கள் கூட்டம் கலைவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.