கையெழுத்துக்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாயிற்று.

பணத்தைக் கையாளச் சொல்லித்தரும் என் சாயங்கால வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பதினாறு பேர் வருகிறார்கள். பாதியில் படிப்பை விட்டவர்கள், விடுதியில் வளர்ந்து பதினெட்டு வயதில் வெளியே வந்தவர்கள். முதல் நாள் மாத வரவு, செலவு, சேமிப்பு என்று கட்டம் போட்ட தாளைக் கொடுத்தேன். "இந்த வாரம் நாலு நாள் வேலை, அடுத்த வாரம் இருக்குமான்னே தெரியாது. வரவுன்னு எதை எழுதறது சார்?" என்றாள் ஒரு பெண். மாதச் சம்பளக்காரனுக்கான தாள் அது. இப்போது வாரக்கணக்குதான். வரவு குறைந்த வாரத்தை வைத்துச் செலவை முடிவு செய்கிறோம். மேலே வருவது வேலையில்லாத வாரத்துக்கு.

சிக்கனத்தை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்கள் மாட்டிக்கொள்வது கடன் தாளில். போன மாதம் ஒரு பையன் போன் வாங்க, ஆயிரத்துக்கு நூறு வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்ற கணக்கில் ஒரு தாளோடு வந்தான். "பத்து சதவீதம்தான் சார்." உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதாமாதம் அசல் குறைகிறது. வட்டியோ கடைசிவரை முழு ஆயிரத்துக்கு. உண்மையில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம். அவன் ஒன்றும் பேசவில்லை. தாளை வாங்கித் தானே இன்னொரு முறை போட்டுப் பார்த்தான். அடுத்த வாரம் அண்ணனின் கடன் தாளையும் கொண்டுவந்துவிட்டான்!

2014இல் வந்த ஒரு ஆய்வைப் படித்தேன். அதற்கு முந்தைய 201 ஆய்வுகளைத் தொகுத்தது. பணப்பாடத்தால் மக்களின் நடத்தை மாறுவது மிகச் சொற்பம், வருமானம் குறைந்தவர்களிடம் இன்னும் குறைவு, நீண்ட பாடமும் இருபது மாதத்தில் கரைந்துவிடுகிறது என்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தை ஒட்டிச் சொல்லித்தருவது பலன் தரலாம் என்றும் அதிலேயே இருந்தது. அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். பாடத்திட்டத்தை எடுத்து வைத்துவிட்டேன். யார் எதில் கையெழுத்துப் போடப் போகிறார்களோ, அதுதான் அன்றைய பாடம்.

ஒரு சிக்கல். செயலாக்கக் கட்டணம், காப்பீட்டுப் பிடித்தம், தாமத அபராதம் எல்லாம் பொடி எழுத்தில் வருகின்றன. பாதி எனக்கே புரிவதில்லை. நீ முப்பது வருஷம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் போனில் வருவாயா? இரண்டு தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன், பெயரை அடித்துவிட்டு. ஒன்றில் வியாழக்கிழமை கையெழுத்து. அதை முதலில் பார்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்