கொப்பி நிறைகிறது, பிள்ளை பேசுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு தகப்பன் எழுதியிருந்தார். மகனை முன்பள்ளிக்கு அனுப்பி எட்டு மாதமாகிறதாம், இன்னும் 'அ' எழுதத் தெரியாதாம், கதை சொல்லி விளையாட விடுவதற்கா காசு கட்டுகிறோம் என்று கேட்டிருந்தார். அவரோடு சண்டை பிடிக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் 28 வருடம் தரம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் படிப்பித்த எனக்கு, அதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் என் வீட்டுக் கதை. பேத்திக்கு நாலு வயது. அவள் போகிற முன்பள்ளியில் தினமும் வீட்டுவேலை, ஒரு பக்கம் முழுக்க 'அ', அடுத்த பக்கம் முழுக்க 'ஆ'. பென்சிலைக் கரண்டி பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, கை நோகுது என்று அழுது அழுதுதான் எழுதுவாள், ஆனாலும் எழுதிவிடுவாள். இப்போது அ முதல் ஃ வரை பார்க்காமல் எழுதுவாள், வீட்டுக்கு யாரும் வந்தால் மகள் உடனே கொப்பியை எடுத்துக் காட்டுவாள். அதே பிள்ளையிடம் 'இண்டைக்குப் பள்ளியில என்ன நடந்தது?' என்று கேட்டால் 'ஒண்டும் இல்லை' என்கிறாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

மொழி பழகுகிற வரிசை கேட்டல், பேசல், வாசித்தல், எழுதுதல் என்று ஆசிரிய கலாசாலையில் எங்களுக்கு மனப்பாடமாகவே வரும். நாங்களோ வாலில் இருந்து தொடங்குகிறோம். கோஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு சின்னக் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டிச் சொல்லத் தெரிவது ஒன்று, கேட்ட மொழி விளங்குவது இன்னொன்று, இரண்டையும் பெருக்கி வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூச்சியம் என்றால் விடையும் பூச்சியம். தரம் மூன்றில் ஒரு பந்தியைத் தடங்கலில்லாமல் வாசித்து முடித்துவிட்டு, 'என்ன விளங்கினது?' என்றதும் கூரையைப் பார்க்கிற பிள்ளைகளை எந்த ஆசிரியரும் கண்டிருப்பார். அந்தப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியும். சொற்கள்தான் காதுக்கு வந்து சேரவில்லை.

காது என்று சொன்னதால் இன்னொன்று. எழுத்தைக் காட்ட முதல் ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழக்க வேண்டும். 'மாமா', 'மாடு', 'மாங்காய்', எல்லாம் எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது? இதற்குக் கொப்பி வேண்டாம், பஸ்ஸில் போகும்போதே விளையாடலாம். பிறகு கைதட்டல். 'கடல்' என்று சொல்லித் தட்டச் சொன்னால் பிள்ளை க-டல் என்று இரண்டு தரம்தான் தட்டும், அது சரிதான், ஆனால் எழுதும்போது மூன்று எழுத்து. 'பட்டம்' இரண்டு தட்டு, நாலு எழுத்து. புள்ளி வைத்த எழுத்து முந்தின சத்தத்தோடு ஒட்டிக்கொள்வதால் பிள்ளையின் காதுக்கு அது தனியாக விழுவதில்லை. பட்டம் என்று எழுதச் சொன்னால் படம் என்றும், அம்மாவை 'அமா' என்றும் எழுதுவது இதனால்தான். நாங்கள் அதைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்புப் பேனையால் வெட்டுகிறோம், பத்துத் தரம் எழுது என்கிறோம். பட்ட்ட்டம் என்று இழுத்துச் சொல்லி, நடுவில் நாக்கு எங்கே நிற்கிறது என்று ஒரு தரம் கேட்டிருந்தால் போதும். 'கொ' இன்னொரு தொல்லை. வாய்க்கு முதலில் வருவது க், கைக்கு முதலில் வருவது கொம்பு. பிள்ளை 'க'வை எழுதிவிட்டு முன்னுக்கு இடம் தேடும்.

247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவித்த பிறகுதான் சொல்லுக்குப் போகவேண்டும் என்றும் இல்லை. ப, ட, ம, ர நாலையும் புள்ளியையும் கொடுத்தால் படம், மடம், மரம், பட்டம் எல்லாம் அன்றைக்கே வாசிக்கலாம். வாசித்த சந்தோசம் முதல் கிழமையிலேயே கிடைக்கும்.

என் பிழை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்கத்தில் மூதூர்ப் பக்கம் நியமனம், லாஞ்சில் போய் வருவேன். ஒரு நாள் தரம் ஒன்றுப் பையன் ஒருவன் ஓடிவந்து, 'ரீச்சர், வாப்பாட தோணி கவுண்டு மீனெல்லாம் திரும்பக் கடலுக்க போயிற்று' என்றான். நான் என்ன செய்தேன்? 'வாப்பாட இல்லை, வாப்பாவின். கவுண்டு இல்லை, கவிழ்ந்து' என்று திருத்தினேன். வாப்பாவுக்கு என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை! சூடை, கீரி, பாரை, கணவாய் என்று மீன் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குகிற பிள்ளை, அதன் பிறகு கனகாலம் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. 'ஐயோ, வாப்பாவின் தோணி கவிழ்ந்துவிட்டதா? பிறகு எப்படிக் கரைக்கு வந்தார்?' என்று கேட்டிருக்கலாம். பேச்சும் நின்றிருக்காது, எழுத்துத் தமிழும் அவன் காதில் விழுந்திருக்கும். நாங்கள் பேசுகிற தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இவ்வளவு தூரம் இருக்கும்போது, வீட்டுப் பேச்சைப் பிழை என்று சொல்லி அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது. புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டிக் காட்டித்தான் பழக்கலாம்.

இதை ஒரு முன்பள்ளி ஆசிரியையிடம் சொன்னபோது அவ சிரித்துவிட்டா. 'ரீச்சர், நீங்கள் சொல்றது எனக்கும் தெரியும். கொப்பியில ஒண்டும் இல்லாட்டி அடுத்த மாதம் பிள்ளையை வேற இடத்துக்கு மாத்திப்போடுவினம்.' சம்பளம் என்று சொல்ல வெட்கப்படுகிற தொகைக்கு இருபது பிள்ளைகளைப் பார்க்கிறவ அவ, அவவை எப்படிக் குறை சொல்வது? பெற்றோரின் கண்ணோ ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில். ஏடு தொடக்குகிற அன்று அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவித்துவிட்டு அடுத்த நாள் எங்களை விளையாட விட்டார்கள், எங்கள் அப்பா அம்மாவுக்கு இந்த அவசரம் இருக்கவில்லை. போதாததற்கு இப்போது இங்கிலீஷ் மோகம். வீட்டில் தமிழில் நீட்டி நீட்டிக் கதைக்கத் தெரிந்த தாய், 'கம், ஈட், சிட்' என்ற மூன்று சொல்லோடு பிள்ளையை வளர்க்கிறா.

அந்தத் தகப்பனுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் மகன் நாலு வசனத்தில் ஒரு கதை சொல்லுகிறானா, கேள்வி கேட்கிறானா என்று பாருங்கள். புத்தகம் வாசிக்கும்போது ஒரே மூச்சில் முடிக்காமல் நடுவில் நிறுத்தி, 'இனி என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். 'ஓம்', 'இல்லை' என்று முடிகிற கேள்வி வேண்டாம். நான் பேத்தியைக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மான், சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீற்றைச் சப்பிக்கொண்டு நின்றது. 'அம்மம்மா, அதுக்கு வயித்துக்க நோகாதா? அதிட அம்மா ஏசமாட்டாவா?' என்று தொடங்கியவள் வீடு வரைக்கும் நிறுத்தவில்லை. அன்றைக்கு வீட்டுவேலை செய்யாமல் தூங்கிவிட்டாள், அடுத்த நாள் மகளுக்கும் எனக்கும் வாய்த்தர்க்கம், அது வேறு கதை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஆசிரியரே. சிறுவர் பக்கத்தில் நிறம் தீட்டுகிற படத்துக்கும் புள்ளிகளை இணைக்கிற படத்துக்கும் அரைப்பக்கம் போகிறது. அதில் பாதியைத் தந்து, அப்பாவோ அப்பப்பாவோ சத்தமாக வாசித்துக் காட்டக்கூடிய ஒரு சின்னக் கதை, கிழமைக்கு ஒன்று, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுவீர்களா? எழுத ஆள் இல்லை என்றால் மான் கதையை நானே எழுதி அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.