பச்சை பெல்ட்டில் எழுநூறு கிராம்

போடி
26.11.2023

அன்புள்ள சேது,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, நீ கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. தங்கச்சிக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பாண்டி சொன்னான். இங்கே எல்லாரும் சவுக்கியம். ஏலக்காய் விலை மட்டும்தான் சவுக்கியமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். லைசன்ஸ் வந்துவிட்டது. கைத்துப்பாக்கிக்கு. சிரிக்காதே. அந்தக் கூரை ஓட்டுக் கதையை எடுத்தாயோ, இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிடுவேன். அப்போது எனக்குப் பதினோரு வயது.

போன வாரம் மதுரைக்குப் போய்க் கடையில் பார்த்தேன். பழைய வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். இறக்குமதி நின்று பல வருஷம் ஆகிவிட்டதால், தாத்தா காலத்து வெப்ளிக்குக்கூட நிலம் வாங்குகிற விலை சொல்கிறார்கள். கடைக்காரர் நம் ஊர்த் தயாரிப்பாக நாலு எடுத்துத் துணி விரித்து வைத்தார். முதலில் சாதாரண பாயின்ட் 32 ரிவால்வர். தோட்டாவுக்கு அவர்கள் சொல்லும் அளவு 7.65 மில்லிமீட்டர். 'எங்க ஊர்ல ஏலக்காயே எட்டு எம்.எம். இருந்தாத்தான் மதிப்பு' என்றேன். மனிதர் சிரிக்கவில்லை.

பின்னால் இருக்கும் கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடிந்து தொங்குகிறது. உள்ளிருந்து நட்சத்திரம் மாதிரி ஒன்று எழும்பி, ஆறு துளைகளிலிருந்தும் காலித் தோட்டாவைத் தள்ளிவிடுகிறது. மூடினால் 'டக்'. அந்தச் சத்தத்துக்காகவே நாலு தரம் திறந்து மூடினேன். எனக்கு வயது 54.

நீ பட்டாளத்தில் எத்தனையோ பார்த்தவன், உனக்கு இது பொம்மை. எனக்கு அதன் கனம்தான் பிரச்சினை. எழுநூறு கிராம் பக்கம் வருகிறது. வெளியே தெரியாமல், உறைக்குள், மூடித்தான் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மைனர் மாதிரி இடுப்பில் தொங்கவிட்டு டீக்கடையில் உட்கார முடியாது. நானோ வேட்டி கட்டுகிறவன். வீட்டுக்கு வந்ததும் அரைக் கிலோ எடைக்கல்லையும் இருநூறு கிராம் கல்லையும் துணியில் சுற்றி பச்சை பெல்ட்டில் செருகிக்கொண்டு நடந்து பார்த்தேன். ஏலக் கூடம் போவதற்குள் வேட்டி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. கணக்குப்பிள்ளை பார்க்காத மாதிரி இருந்தார், நல்ல மனுஷன்.

இரண்டாவது, நிர்பீக். 2014இல் கான்பூரில் பெண்களுக்கென்று சொல்லி வெளியிட்டார்களே, அதுதான். டைட்டானியம் கலந்த உலோகம், அரைக் கிலோ. அப்போதே 1,22,000 ரூபாய்க்கு மேல். கையில் அழகாக உட்காருகிறது. மீனாட்சியிடம் சொன்னேன். 'பொம்பளைங்களுக்குன்னா எனக்கு வாங்கிக் குடுங்க, நான் மேலே எஸ்டேட்டுக்குப் போய்ச் சம்பளம் போட்டுட்டு வர்றேன்' என்கிறாள். போட்டாலும் போடுவாள்.

மூன்றாவது நிடர். பாயின்ட் 22, இருநூற்றைம்பது கிராம். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. பாயின்ட் 22ஐ நம்பிப் போகலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். நாலாவது இந்த ஆகஸ்டில் வந்த பிரபல். குழல் மடியாது, தோட்டா உருளை பக்கவாட்டில் சாய்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் எழுநூறு கிராம். பிஸ்டல் பக்கமே போகவில்லை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வரும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எனக்கு அந்த அறிவு போதும்.

ஆனால் விசையை இழுப்பதுதான் பாடு. ஸ்கூட்டரில் விழுந்த விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கும் சுத்தியலை முன்கூட்டியே பின்னால் இழுத்து வைத்தால் விசை லேசாகிவிடுகிறது, தொட்டாலே போதும். அது இன்னும் பயம். நேராக இழுத்தால் முனை கோணிக்கொண்டு போகிறது. கடைக்காரரின் காலண்டரைக் குறி வைத்தேன். என் கணக்குக்கு மின்விசிறியைச் சுட்டிருப்பேன்.

சரி, இதெல்லாம் வேடிக்கை. மீதியைப் படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

லைசன்ஸைப் பிரித்துப் படித்தபோதுதான் கவனித்தேன்: தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும். நம் எஸ்டேட் எங்கே இருக்கிறது? போடிமெட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. போன வருஷத் தீபாவளிக்கு போனஸ் பணத்தோடு போனபோது என்னை மறித்தது பூப்பாறைக்கும் அந்தப் பக்கம். அங்கே இதை எடுத்துப் போனால் நான்தான் குற்றவாளி. இந்தியா முழுவதற்கும் வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நான்கு துப்பாக்கியைத் தூக்கி எடை பார்த்தவன் இந்த ஒரு வரியைப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் நாடாளுமன்றத் தேர்தல் வேறு. அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், முடிந்து ரிசல்ட் வரும்வரை அங்கேதான் தூங்கும். அப்பாவின் இரட்டைக்குழல் எத்தனை தேர்தலுக்குப் போய் வந்தது, உனக்குத் தெரியாதா.

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை, போலீஸிடமும்.

அன்றைக்கு மறித்தவர்கள் இரண்டு பேர். முகத்தில் துண்டு. ஒருத்தன் அரிவாளை ஜீப் கதவில் வைத்துக்கொண்டு, 'பைய வெச்சிட்டுப் போங்க மொதலாளி' என்றான். 'போங்க' என்றான் சேது, 'மொதலாளி' என்றான். பணத்தைப் பிடுங்க வந்தவன் மரியாதை கொடுத்துப் பேசினான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். தேவாரம் ஊரிலிருந்து காலை ஜீப்பில் வருகிற கூட்டத்தில் அந்தக் குரலை வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். போன சனிக்கிழமைகூட அவனுக்குச் சம்பளம் எண்ணிக் கொடுத்தேன். இரண்டு தரம் எண்ணினேன். அவன் எண்ணாமல் வாங்கி மடித்து வைத்தான்.

கடையில் காலண்டரைக் குறி பார்க்கும்போது அந்தத் துண்டு கட்டிய முகம்தான் வந்தது. விரல் கோணியது அதனால்தானோ என்னவோ.

இப்போது பாதிப் பேருக்கு போனிலேயே பணம் அனுப்புகிறேன். மீதிப் பேர், பெரும்பாலும் பெண்கள், 'கையில குடுங்க, போன் அவர்கிட்ட இருக்கு' என்கிறார்கள். அதனால் பை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

கடைக்காரர் பத்தாம் தேதிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தின சனிக்கிழமை வா. ஜீப்பில் என்னோடு மேலே ஏறு, சம்பளம் போடும்போது பக்கத்தில் உட்கார். அவன் யாரென்று நான் காட்ட மாட்டேன். திரும்பும்போது நிர்பீக்கா ஒன்றுமே வேண்டாமா என்று சொல்.

பாண்டியிடம் அரைக் கிலோ காய் கொடுத்தனுப்பியிருக்கிறேன், எட்டு எம்.எம். போன தரம் மாதிரி மாமியார் வீட்டுக்குத் தள்ளிவிடாதே.

உன்
முத்து