பழைய ஜீப்பின் இன்ஜினை மட்டும் பார்க்காதீர்கள், அடியிலும் பாருங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய ஜீப்புகளை இன்னும் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருவன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த வண்டிகளில் இன்ஜின் மாற்றத்துக்கு ஒப்புதல் தரலாமா என்பதை இன்ஜினின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்ஜினிலிருந்து சக்கரம் வரை உள்ள அத்தனையையும் பார்த்து முடிவு செய்ய ஒரு விதி எழுதுங்கள்.

என்னிடம் இருப்பது மகிந்திரா தயாரித்த சிஜே-3பி. அதன் பானெட் அவ்வளவு உயரமாக நிற்பதற்குக் காரணமே உள்ளே இருந்த 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின்தான். எரிபொருள் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஏற்றியதால் இன்ஜின் உயர்ந்தது; கூடவே பானெட்டும் உயர்ந்தது. அந்த இன்ஜினுக்கு இன்று உதிரிபாகம் தேடுவது பெரும்பாடு. அதனால்தான் பல ஜீப்புகளில் எப்போதோ டீசல் இன்ஜின் ஏறிவிட்டது. ஏன், அதே நிறுவனமே பின்னாளில் இதே வம்சத்து எம்எம் 540 ஜீப்பை 2,112 சிசி பெஜோ டீசல் இன்ஜினோடுதான் விற்றது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் அதே பிரிவு, கிட் பொருத்தி எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ மாற வழிவிடுகிறது. 2021-ல் வந்த விண்டேஜ் விதி, 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 'விஏ' என்ற தனி வரிசைப் பதிவு எண் தருகிறது. அதற்கு இன்ஜினும் சேஸிஸும் மூல வடிவில் இருக்க வேண்டும், அன்றாடம் ஓட்டவும் கூடாது. எப்போதோ டீசலுக்கு மாறி, இன்றும் தோட்டத்துக்கு உரமூட்டை சுமக்கும் ஜீப் எந்தக் கதவைத் தட்டும்?

ஆர்சி புதுப்பிக்கப் போன அலுவலகத்தில் என் வண்டியின் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் ஒற்றி எடுத்தார்கள், இன்ஜின் எண்ணைச் சரிபார்த்தார்கள். வண்டிக்கு அடியில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. ஆபத்து இருப்பதோ அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். இந்த ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் முதல் கியர் விகிதம் 2.8, விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியர் 2.46, ஆக்ஸிலில் உள்ள கடைசிப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37; இன்ஜினின் முறுக்கு விசை அத்தனை மடங்காகும். பழைய இன்ஜினின் 155 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை, இழப்பைக் கழிக்காமல் பார்த்தால், ஆக்ஸிலில் சுமார் 5,700 ஆகிறது. 250 நியூட்டன் மீட்டர் தரும் இன்றைய டர்போ டீசலை அதே கியர் பெட்டியோடு இணைத்தால் அது 9,000-ஐத் தாண்டும். பின் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் கூம்பு முனையில் வீல் ஹப்பைப் பிடித்திருப்பது விரல் நீளச் சாவிக்கட்டை எனும் உலோகத் துண்டு ஒன்று. ஏற்றத்தில் அது அறுந்தால் ஷாஃப்ட் ஹப்புக்குள் சும்மா சுற்றும், வண்டி பின்னோக்கி உருளக்கூடும். அப்போது காலடியில் இருப்பது 9 அங்குல டிரம் பிரேக்.

அதற்காகப் பெரிய இன்ஜினே கூடாது என்று சொல்ல வரவில்லை. கிரவுன் பினியனின் 5.38 விகிதத்தில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கே இன்ஜின் நிமிடத்துக்கு 3,200 முறை சுழல வேண்டும். மெதுவாகச் சுழலும் டீசல் அங்கே திணறும். கிரவுன் பினியனின் விகிதத்தைக் குறைத்தால் சமவெளியில் சுகம், மேட்டில் இழுவை போய்விடும். ஐந்து கியர் பெட்டி வைத்தால் இரண்டுமே கிடைக்கும். ஆனால் பெட்டி நீளமானால் பின் ஆக்ஸிலுக்குச் செல்லும் ஷாஃப்ட் குட்டையாகி, அதன் மூட்டுகளான கிராஸ்களின் கோணம் கூடும். இந்த ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீடு நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. நடுவில் வெளியீடு உள்ள பெட்டியை வைத்தால் பின் ஆக்ஸிலையே மாற்ற வேண்டும். நல்ல மெக்கானிக் இன்ஜினைக் கடைசியில்தான் தேர்ந்தெடுப்பார். ஆக்ஸில் எவ்வளவு தாங்கும் என்பதே அவருடைய முதல் கேள்வி.

பிரிட்டனில் நெடுங்காலம் இருந்த விதி இதைப் புரிந்துவைத்திருந்தது. மாற்றியமைத்த வண்டி பழைய பதிவைத் தக்கவைக்க 8 புள்ளிகள் வேண்டியிருந்தன. சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், டிரான்ஸ்மிஷன், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு ஒன்றே ஒன்று.

நம் நாட்டுக்கு அதை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. பேட்டரி கிட்டுக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாம். இன்ஜின், கியர் பெட்டி, ஆக்ஸில், பிரேக் நான்கையும் ஒரே தொகுப்பாக, புணேயிலோ ஒரகடத்திலோ உள்ள ஆய்வு மையத்தில் ஒருமுறை சோதியுங்கள். தேறிய தொகுப்புகளைப் பட்டியலிடுங்கள். முறுக்கு விசை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வலுவான ஆக்ஸிலும் டிஸ்க் பிரேக்கும் கட்டாயம் என்று எழுதுங்கள். புகை அளவு பழைய இன்ஜினைவிடக் கூடக் கூடாது என்பதையும் சேருங்கள். பட்டியலில் உள்ளதைப் பொருத்தியவருக்கு ஆர்சியில் புதிய இன்ஜினைப் பதிந்து கொடுங்கள். ஏற்கெனவே மாற்றியவர்கள் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவரவும், குறை இருந்தால் சரிசெய்யவும் ஓராண்டு அவகாசம் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிஜே-3பி ஜீப் உரிமையாளர்